ஸ்டூலின் மேல் சேலைகள்

பாண்டி பஜாருக்குப் போவதென்று முடிவானால், அன்று காலையிலிருந்தே அம்மா தண்ணீர் குடிக்க மாட்டாள். காப்பி அரை டம்ளரோடு சரி. மதியச் சாப்பாட்டில் ரசமும் மோரும் கிடையாது. “போற எடத்துல எங்கட்டி போறது?” என்பாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு. தண்ணீர் குடிக்காமல் அலையக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். நானும் கத்திப் பார்த்திருக்கிறேன். அவள் மசிந்ததில்லை.

2019 நவம்பரில் ஸ்மார்ட் சிட்டி திட்டத்தின்கீழ் பாண்டி பஜாரின் நடைபாதை வளாகம் திறக்கப்பட்டது. சுமார் 40 கோடி ரூபாய்ச் செலவு. வாகனங்களை அடியோடு நிறுத்திவிடவில்லை. தியாகராய சாலையைச் சுருக்கி, இருபுறமும் நடைபாதையை அகலமாக்கி, கல் இருக்கைகள் போட்டார்கள். திறந்த சில வாரங்களில் அம்மாவை அழைத்துக்கொண்டு போனேன். அவள் என் கையைப் பிடிக்காமல் நடந்தாள். தி.நகரில் அவள் யார் கையையும் பிடிக்காமல் நடந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பாதி தூரத்தில் ஓர் இருக்கையில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “ஏட்டி, ரோட்டுல உக்காரலாம் போலிருக்கே” என்றாள். சிரித்தாள்.

பிறகு அவளுக்குக் கழிப்பறை தேவைப்பட்டது. கேட்டவர்கள் ஆளுக்கொரு திசையைக் காட்டினார்கள். கடைசியில் ஒரு பெரிய துணிக்கடைக்குள் நுழைந்தோம். சேலை வாங்குகிறவர்கள் போல முகத்தை வைத்துக்கொண்டு இரண்டு மாடி ஏறிய பிறகு, சீருடைச் சேலை கட்டியிருந்த ஒரு பெண்ணிடம் அம்மா காதோடு கேட்டாள். அவள் மேற்பார்வையாளர் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, எங்களைக் கூட்டிக்கொண்டு போனாள். திரும்பி வரும்போது அம்மா விடவில்லை.

“எந்த ஊரு தாயி?”

“திருச்செந்தூர் பக்கம் பாட்டி.”

“நம்ம ஊருதான். எந்நேரமும் நின்னுக்கிட்டே இருக்கியே, கால் கடுக்காதா?”

அந்தப் பெண் பதில் சொல்லவில்லை. கண்ணை மட்டும் உயர்த்தி, கூரையில் இருந்த காமிராவைக் காட்டினாள்.

வெளியே, கண்ணாடிக் கதவுக்கு இருபதடி தூரத்தில், கல் இருக்கை காலியாகக் கிடந்தது. இந்தக் கட்டுரை அந்த இருபதடியைப் பற்றியது.

நடப்பதற்கேற்ற நகர மையங்களை மீட்பது பற்றி உலகமெங்கும் நிறையப் பேசுகிறார்கள். துறைமுகமும் சந்தையுமாக வளர்ந்து, பின்பு கார்களுக்குத் தங்கள் தெருக்களைக் கொடுத்துவிட்ட கடற்கரை நகரங்களில் இந்தப் பேச்சு இன்னும் அதிகம். நான் அதற்கு எதிரி அல்ல. சென்னையில் கல்லூரி ஆசிரியையாக வேலை பார்க்கும் ஒரு பெண், வாழ்நாளில் எத்தனை மணி நேரம் ஆட்டோவுக்கும் சாக்கடைக்கும் நடுவே ஒற்றைக் காலில் நடந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். இன்று மாலை ஏழு மணிக்குப் பாண்டி பஜாருக்குப் போனால், கல்லூரிப் பெண்கள் நான்கைந்து பேராக அந்த இருக்கைகளில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கலாம். 2021 முதல் சாதாரணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அவர்களில் பலர் அப்படி வந்தவர்கள்தாம். கையில் பை இல்லை. எதுவும் வாங்கவில்லை. சும்மா இருக்கிறார்கள்.

இந்தச் ‘சும்மா’ சாதாரணச் சொல் அல்ல. ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் மும்பையை வைத்து 2011இல் எழுதிய ‘ஒய் லாய்ட்டர்?’ என்ற நூலின் வாதமே இதுதான். பொதுவெளியில் ஒரு பெண் இருக்க வேண்டுமானால் ஏதாவது ஒரு காரணத்தைக் கையில் பிடித்துக்கொண்டு இருக்க வேண்டியிருக்கிறது: வேலைக்குப் போகிறாள், பிள்ளையைக் கூப்பிடப் போகிறாள், காய்கறி வாங்கப் போகிறாள். காரணமின்றித் தெருவில் இருப்பதையே உரிமையாகக் கேட்க வேண்டும் என்கிறார்கள் அவர்கள். நான் வகுப்பில் இதைப் பலமுறை பேசியிருக்கிறேன், கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். ஆனால் அந்தத் துணிக்கடை மாடியில் நின்ற பெண்ணைப் பார்த்த பிறகு இந்த வாதத்தோடு இன்னொன்றைச் சேர்க்காமல் என்னால் அதைச் சொல்ல முடியவில்லை. தெருவுக்கு வருகிறவளின் சும்மா இருக்கும் உரிமையைப் பேசுகிறோம். அந்தத் தெருவிலேயே நாள் முழுவதும் இருக்கிறவளுக்குச் சும்மா என்பது எங்கே?

இருக்கிறவர்களில் இரண்டு வகை. கடைக்குள் நிற்பவர்கள் ஒரு வகை, கடைக்கு வெளியே தரையில் உட்கார்ந்து விற்பவர்கள் இன்னொரு வகை. வெளியே இருந்தவர்களைப் பற்றி முதலில்.

மாம்பலத்தின் நீண்ட ஏரியைத் தூர்த்து 1920களில் உருவாக்கப்பட்ட குடியிருப்புதான் தியாகராய நகர். அதன் கடைத்தெருவின் நடைபாதை நெடுங்காலம் வளையல், ஹேர்பின், ரிப்பன், உள்பாவாடை விற்பவர்களின் இடமாக இருந்தது. பெரிய கடையில் நுழையப் பயந்த எங்களைப் போன்ற வெளியூர்க்காரிகள் அவர்களிடம்தான் வாங்குவோம். உள்ளாடையின் அளவைக் கூச்சமில்லாமல் நான் முதன்முதலில் உரக்கச் சொன்னது அங்கே ஓர் அக்காவிடம்தான். நீதிமன்ற வழக்குகள் நடந்தன. 2013 வாக்கில் இந்த வியாபாரிகளை அதே சாலையில் கட்டிய மாடிக் கட்டிடத்துக்கு மாற்றினார்கள். நடைபாதை காலியானது. ஆறு ஆண்டுகள் கழித்து அழகானது. வரிசையைக் கவனிக்க வேண்டும்: முதலில் விற்பவர்கள் போனார்கள், பிறகுதான் இருக்கைகள் வந்தன.

மாடி ஏறி ஹேர்பின் வாங்க யார் வருவார்கள்? வழியில் கண்ணில் பட்டால் வாங்கும் பொருள் அது. தெருவோர வணிகத்தின் உயிர் கண்ணில் படுவதில் இருக்கிறது. ஒன்றிய அரசின் தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல் வந்தது. நகர விற்பனைக் குழுவில் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல சட்டம். ஆனால் கல் எந்த நிறம், விளக்கு எந்த வடிவம் என்று முடிவெடுக்கும் மேசைக்குப் பூக்காரியை யாராவது கூப்பிட்டு உட்கார வைக்கும் காட்சியை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

நகரங்களைப் பற்றி எழுதிய ஜேன் ஜேக்கப்ஸ் 1961லேயே சொன்ன விஷயம்தான்: தெருவைப் பாதுகாப்பது காவலர் மட்டுமல்ல, தெருவின் மேல் இருக்கும் கண்கள். நம் தெருக்களில் அந்தக் கண்கள் பெரும்பாலும் விற்கும் பெண்களுடையவை. இரவு ஒன்பதரைக்குப் பேருந்து நிறுத்தத்தில் தனியாக நிற்கும்போது, பக்கத்தில் ஒரு பூக்காரம்மா கூடையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் எனக்கு வரும் தைரியத்தை எந்தக் கண்காணிப்புக் காமிராவும் தந்ததில்லை. காமிரா எனக்காக யாரையும் அதட்டாது. அவர் அதட்டுவார்.

தமிழ் படித்தவள் என்பதால் என் மனம் புகாருக்குப் போகிறது. தமிழில் விரிவாக எழுதப்பட்ட கடற்கரை நகர மையம் அது. சிலப்பதிகாரத்தின் மருவூர்ப்பாக்கத்தில் இளங்கோ நம்மை நடக்க வைக்கும்போது கட்டிடங்களைவிட விற்பவர்களைத்தான் அதிகம் காட்டுகிறார். பிட்டு விற்பவர்கள், அப்பம் சுடுபவர்கள், கள் விற்கும் பெண்கள், மீன் விற்கும் பரதவர், உப்பு விற்பவர்கள் என்று பட்டியல் நீள்கிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் செல்வர்களின் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே மரங்களே தூண்களாக நிற்கும் சோலையில் நாளங்காடி. விற்பவர்களை ஒதுக்கிவிட்டு நகரத்தை வர்ணிக்க முடியும் என்ற எண்ணமே அந்தக் கவிஞருக்கு இல்லை.

ஆனால் அந்த நகரத்தில் உலவுகிறவன் யார்? புகாரின் தெருக்களில் திரியும் தென்றலுக்கு இளங்கோ கண்டெடுத்த உவமை கோவலன். காற்றைப் போல அவன் திரிகிறான் என்றுகூட இல்லை, அவனைப் போலக் காற்று திரிகிறது. மேற்கத்திய விமர்சகர்கள் நகரத்தில் உலவும் ஆணைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். நமக்கு அவன் எப்போதோ கிடைத்துவிட்டான். கண்ணகி அந்தக் கடைத்தெருவில் உலவுவதைக் காப்பியம் காட்டுவதில்லை. புகாரை விட்டு அவள் வெளியேறுவதே விடியாத இருளில். அவள் ஒரு நகரத் தெருவில் எல்லோரும் பார்க்க நடப்பது மதுரையில், கணவன் வெட்டுண்டபின், கையில் ஒற்றைச் சிலம்போடு. பெண் தெருவில் நடக்க எவ்வளவு பெரிய காரணம் தேவைப்பட்டிருக்கிறது! விற்கும் பெண்ணுக்கும் தெரு உண்டு, எல்லாம் இழந்த பெண்ணுக்கும் தெரு உண்டு. நடுவில் இருப்பவளுக்கு வீடு. நம் நடைபாதை வளாகங்கள் இந்த நடுவில் இருப்பவளை வெளியே கொண்டுவந்திருக்கின்றன, உண்மை. கொண்டுவரும்போது விற்கும் பெண்ணை எழுப்பிவிட்டிருக்கின்றன.

சென்னையிலும் ஒரு பட்டினப்பாக்கம் இருக்கிறது. இங்கே அது செல்வர்களின் பாக்கமல்ல, மீனவக் குப்பங்கள் இருக்கும் கரை. கலங்கரை விளக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போகும் மெரினா லூப் சாலையின் ஓரத்தில் மீன் விற்ற கடைகளை அகற்றும்படி 2023 ஏப்ரலில் உயர் நீதிமன்றம், தானே முன்வந்து எடுத்த வழக்கில் உத்தரவிட்டது. மீனவர்கள் படகுகளைக் கொண்டுவந்து சாலையில் போட்டு மறித்தார்கள். விற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. குறைந்தபட்சம் அது தரைத்தளத்தில் இருக்கிறது என்பது என் ஆறுதல். சாலைக்கு முன்பே அந்தக் கரையில் மீன்கூடை இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

இனி கடைக்குள் நிற்பவர்கள்.

நான் தூத்துக்குடி மாவட்டத்துக்காரி. பன்னிரண்டாம் வகுப்பு முடிந்த கோடையில், என் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் தி.நகரில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனாள். அவளைவிட நான் எட்டு மதிப்பெண் குறைவு. என் வீட்டில் கல்லூரிக்கு அனுப்பினார்கள், அவள் வீட்டில் அவளுக்குக் கீழே இரண்டு தங்கைகள். ஊர்த் திருவிழாவுக்கு வந்தவள் என்னிடம் கணுக்காலைக் காட்டினாள். நரம்பு பச்சையாகச் சுருண்டு புடைத்திருந்தது. அப்போது எங்களுக்கு இருபத்திரண்டு வயது. நான் அன்று சங்க இலக்கியத்தில் ஏதோ ஒரு துறை பற்றி அவளிடம் உற்சாகமாகப் பேசிக்கொண்டிருந்தேன் என்பதை நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

2010இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ வந்தபோது நான் ஆய்வேட்டை முடித்திருந்தேன். ரங்கநாதன் தெருவின் கடைக்குள் நிற்பவர்களைத் தமிழ்ச் சினிமா முதன்முறையாக முழு மனிதர்களாகக் காட்டிய படம். அதன் மேல் எனக்கு மரியாதை உண்டு, தீராத சண்டையும் உண்டு. நாள் முழுவதும் நின்று வேலை பார்த்த கனி வேலையை இழக்கிறாள். இரவு நடைபாதையில் உறங்கும்போது லாரி ஏறிக் கால்களை இழக்கிறாள். நின்றே தேய்ந்த கால்களுக்குக் கதை கொடுத்த விடுதலை அவற்றை வெட்டி எடுப்பதுதானா? திரையரங்கில் எல்லோரும் அழுதார்கள். நானும் அழுதேன். வெளியே வந்ததும் அழுததற்காக எரிச்சலாக இருந்தது. இரக்கம் வருவதற்கு நமக்கு லாரி தேவைப்பட்டிருக்கிறது. பன்னிரண்டு மணி நேரம் நிற்பது போதவில்லை. ஒரு ஸ்டூல் கேட்கும் காட்சி அந்தப் படத்தில் இருந்திருந்தால் யாரும் அழுதிருக்க மாட்டார்கள். ஆனால் என் பெஞ்சுக்காரிக்கு அது உதவியிருக்கும்.

அந்தக் காட்சி நிஜத்தில் நடந்தது வேறொரு கடற்கரை நகரத்தில். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கருத்தரங்குக்காகக் கோழிக்கோடு போயிருந்தேன். மாலையில் மிட்டாய்த் தெருவுக்கு அழைத்துப் போனார்கள். அல்வாக் கடைகளால் பெயர் பெற்ற தெரு. எஸ்.கே. பொற்றெக்காட் இந்தத் தெருவின் மனிதர்களை வைத்து எழுதிய நாவல் ‘ஒரு தெருவின்றெ கத’. தெரு முகப்பில் அவருக்குச் சிலை இருக்கிறது. 2017 டிசம்பரில் இதையும் புதுப்பித்துத் திறந்தார்கள். கல் பாவி, பகல் நேரத்தில் வாகனங்களைத் தடுத்து, நடப்பவர்களின் தெருவாக்கினார்கள். அழகு. பாண்டி பஜாரைவிட எனக்குப் பிடித்தது. கடைகள் சின்னவை, தெரு மனிதர்களின் அளவில் இருக்கிறது.

ஆனால் அந்தத் தெருவுக்குச் சிலையில்லாத இன்னொரு கதை உண்டு. கல் பாவுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, அங்கே தையல் வேலை பார்த்த விஜியும் அவரைச் சுற்றியிருந்த பெண்களும் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தார்கள். முதல் கோரிக்கை கழிப்பறை. கடைகளில் வேலை செய்த பெண்கள் நாள் முழுவதும் தண்ணீர் குடிக்காமல் இருந்தார்கள். இதைக் கேட்டபோது நான் நடந்துகொண்டிருந்த கல்லிலேயே நின்றுவிட்டேன். என் அம்மா ஒரு மாலைக்குச் செய்வதை அவர்கள் வேலை நாள் ஒவ்வொன்றிலும் செய்திருக்கிறார்கள்.

கழிப்பறையிலிருந்து கோரிக்கை நாற்காலிக்கு நகர்ந்தது. வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் உட்காரும் உரிமை. பெரிய சங்கங்கள் இதைத் தொழிலாளர் பிரச்சினையாகவே எண்ணாதபோது தங்களுக்கென்று ஒரு சங்கத்தைப் பதிவு செய்தார்கள். திருச்சூரில் ஒரு துணிக்கடைப் பெண்கள் 2014 இறுதியில் தொடங்கிய போராட்டம் மாதக்கணக்கில் நீண்டது. ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர், அதாவது உட்காரும் போராட்டம். வேலையை நிறுத்திவிட்டு நிற்பதில்லை, உட்கார்வதே போராட்டம். 2018இல் கேரளம் கடைகள் சட்டத்தைத் திருத்தி இருக்கையைக் கட்டாயமாக்கியது.

நம் சட்டமன்றத்தில் 2021 செப்டம்பரில் அதற்கிணையான திருத்தம் கொண்டுவரப்பட்டது. ஒவ்வொரு கடையிலும் ஊழியர்களுக்கு இருக்கை இருக்க வேண்டும், வேலைக்கிடையே வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார அனுமதிக்க வேண்டும். கேரளத்துக்கு அடுத்து இப்படிச் செய்த மாநிலம் நம்முடையது, பெருமைதான். வகுப்பில் சொன்னேன். விஜியைப் பற்றியும் சொன்னேன். அவருக்கு இணையாகத் தமிழ்நாட்டில் யாரையாவது தெரியுமா என்று கேட்டதற்கு ஒருத்திக்கும் பெயர் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ‘வாய்ப்புக் கிடைக்கும்போது’ என்கிற சொற்களை மட்டும் ஒரு மாணவி நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டாள்.

வகுப்பு முடிந்ததும் அவள் காத்திருந்தாள். இரண்டாமாண்டு படிக்கிறவள். தீபாவளி, பொங்கல் நேரங்களில் தி.நகரில் ஒரு கடையில் சேலைப் பிரிவில் வேலை செய்கிறாளாம். எனக்கு அதுவரை தெரியாது.

“எங்க செக்‌ஷன்ல ஸ்டூல் இருக்கு மேம்.”

“நல்லதாப்போச்சு.”

“அது மேல சேலை அடுக்கி வெச்சிருக்கோம்.”

அவள் கேலியாகச் சொல்லவில்லை. இடம் போதாது, பண்டிகைச் சரக்கு, எங்கே வைப்பது என்று விளக்கினாள். ஆய்வுக்கு ஆள் வருகிற நாளில் சேலைகளை எடுத்துவிடுவார்களாம். சாப்பாட்டு இடைவேளையில் வெளியே போய்க் கல் இருக்கையில் உட்காரலாமே என்று கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் நான் எவ்வளவு தூரத்தில் இருந்து பேசுகிறேன் என்று தெரிந்துவிட்டது.

“யூனிஃபார்ம் சேலையோட வெளிய உக்காரக் கூடாது மேம். கடைக்கு அசிங்கமாம்.”

பொதுப் பணத்தில் போட்ட இருக்கை. அதில் யார் உட்காரக் கூடாது என்று ஒரு கடை முடிவெடுக்கிறது. நடைபாதையின் அகலத்தை அளக்கிறார்கள், எத்தனை பேர் நடந்தார்கள் என்று எண்ணுகிறார்கள், கடைகளின் வியாபாரம் கூடியதா என்று பார்க்கிறார்கள். அந்தத் தெருவின் கடைகளில் வேலை செய்யும் பெண்களில் எத்தனை பேர் ஒரு நாளில் எத்தனை நிமிடம் உட்கார்ந்தார்கள் என்பதையும் அளந்தால் என்ன? இருக்கையும் கழிப்பறையும் இல்லாத கடைக்கு முன்னால் பொதுப் பணத்தில் கல் பாவித் தருவானேன்? திட்டத்தின் முதல் வரைபடத்திலேயே பூக்கூடைக்கும் வளையல் தட்டுக்கும் தரையில் இடம் குறித்தால் எந்த அழகு கெட்டுவிடும்?

இந்தக் கேள்விகளை எழுதி அவளிடம் படிக்கக் கொடுத்தேன். பொங்கல் விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த பிறகு, தாளைத் திருப்பிக் கொடுக்க வந்தாள். கட்டுரையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசி நாள் கணக்கு முடித்துச் சம்பளம் வாங்கியதும் சீருடையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, சுடிதார் மாட்டிக்கொண்டு வெளியே வந்தாளாம். கடைக்கு நேர் எதிரே இருக்கிற இருக்கையில் போய் உட்கார்ந்தாளாம். ஒரு பாட்டில் தண்ணீர் வாங்கி முழுவதும் குடித்தாளாம்.

“எவ்வளவு நேரம் இருந்தே?”

“ஒரு மணி நேரம் இருக்கும் மேம். சும்மாதான்.”

“யாரும் பாக்கலையா?”

“சூப்பர்வைசர் பாத்தாரு. நான் எந்திரிக்கல.”